நெடுந்தீவுக் குதிரையும் போடிக் கலியாணமும்

1

போன வெள்ளிக்கிழமை என் மகள் தங்கம் தன் தாயை "ஆத்தா" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

"நான் என்ன கோயிலுக்குள்ள இருக்கிற அம்மனோ? இவள் ஆரைக் கூப்பிடுறாள் எண்டு கேளுங்கோ," என்று என் மனைவி பூரணம் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னாள். மகள் செய்கிற குற்றங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் விசாரணை என்னிடம்தான் நடக்கும்.

தங்கம் வாசலில் நின்றுகொண்டு, "இங்கன எல்லாரும் அப்படித்தானப்பா கூப்புடுறாக. நான் மட்டும் வேற மாதிரி கூப்பிட்டா சிரிக்கிறாக," என்றாள்.

அந்தக் "கூப்புடுறாக"வைக் கேட்டதும் பூரணம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அதை எடுக்கவேயில்லை. நான் கடைத்தெருவுக்குப் போய் மூன்று பேருக்கும் பணியாரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இந்தப் போடிநாயக்கனூருக்கு வந்து அந்த வெள்ளிக்கிழமையோடு ஆறு வருசம் முடிந்தது. நாலு வயதில் கப்பலேறிய தங்கத்துக்கு இப்போது பத்து. நெடுந்தீவிலிருந்து கடிதம் போடுகிற நீங்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: குதிரைகளோடு போனவன் அங்கே என்னதான் செய்கிறான்? ஒவ்வொருத்தருக்கும் தனியாக எழுத எனக்குக் கை காணாது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பூரணத்தின் அண்ணர் இருக்கும் இடத்தில் மட்டும் கலியாணப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

2

நம்மூரில் இந்தக் கட்டைக் குதிரைகளை ஒருத்தரும் பெரிதாக நினைப்பதில்லை. பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே தம்பாட்டில் திரியும். தேவைக்கு ஒன்றைக் கயிறு போட்டுப் பிடிப்போம். வேலை முடிந்தால் அவிழ்த்து விடுவோம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சௌந்தரபாண்டி முதலாளி யாழ்ப்பாணத்துக்கு ஒரு முறை வந்திருந்தபோது இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டார். கொஞ்சத் தண்ணீர் குடிக்கும், உப்புப் புல்லும் தின்னும், ஆள் உயரத்துக்கும் குறைவு. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை இறக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டார். நாலு குதிரையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டுமென்றார். கயிறு போடுவதில் எனக்கிருந்த பெயரால் அந்த ஆள் நானானேன்.

நாலுக்கும் நம்மூர்க் காற்றுகளின் பெயரை வைத்தேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நாலிலும் சின்னது சோழகம். அதன் முதுகு என் இடுப்புக்கும் கீழேதான் நிற்கும். குணமும் அந்தக் காற்றைப் போலத்தான். எந்தப் பக்கமிருந்து வந்து இடிக்கும் என்று சொல்ல முடியாது.

கடல் கடந்து கரையிறங்கிய இடத்தில் ஒரு குமாஸ்தா மேசையிலிருந்து எழும்பி வந்து சோழகத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னது?"

"குதிரை ஐயா."

"குதிரை இம்புட்டுத்தான் இருக்குமா? கழுதைன்னு எழுதிக்கிறேன்."

நான் வாதாடினேன். காதைக் காட்டினேன், வாலைக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பூரணம் தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கழுதையெண்டே எழுதட்டும். வாசிச்சுப் பாத்து அதுகள் கோவிக்கப் போகுதே?" என்றாள். அன்று தொடக்கம் சர்க்கார் எழுத்தில் நான் நாலு கழுதைகளின் சொந்தக்காரருக்குக் கூலியாள்.

போடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டது. முதலாளி அனுப்பிய ஆட்கள் குதிரைப் பெட்டியைச் சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறுகிறதே என்று நான் சத்தமாக, "எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ!" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாம் புறப்படுவதை வெளிக்கிடுவது என்கிறோம்; இங்கே வெளிக்குப் போவது என்றால் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற காரியம். அதையும் எல்லாரும் சேர்ந்து, கெதியாக!

அது முதலாவது. முதலாளியிடம் ஒரு விசயம் கதைக்க வேணும் என்றால், "கொழும்புக்காரரு கதை சொல்ல வந்திருக்காக" என்று உள்ளே சொல்லி அனுப்புவார்கள். நான் கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இவர்களுக்குக் கொழும்புதான். லாயம் கட்டுவதற்கு அனுமதி வாங்கப் போன இடத்தில் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். கால் உளைந்து, "ஐயா, இருக்கிறதுக்கு ஒரு கதிரை கிடைக்குமோ?" என்று கேட்டேன். இங்கே கதிரையை நாற்காலி என்பார்கள். அந்த எழுத்தர் தலை நிமிராமலே, "அதான் நாலு குதிரை வச்சிருக்கியே, இன்னும் ஒன்னு என்னத்துக்கு?" என்றார். என்னைக் குதிரைக்காரன் என்று ஒத்துக்கொண்ட முதல் அரசாங்க மனிதர் அவர். அந்தச் சந்தோசத்தில் இன்னும் ஒரு மணி நேரம் நின்றேன்.

மலைக் கதைக்கு வருகிறேன். நம்மூரில் மிக உயர்ந்த இடம் பனையின் வட்டு. இங்கே போடிக்கு மேற்கே, முந்தல் என்கிற இடத்தில், மலை நேரே எழும்பி வானத்துக்குள் போகிறது. அந்த அடிவாரத்துக்கு நாலு குதிரைகளையும் முதல் நாள் கொண்டுபோனபோது அவை நிமிர்ந்து பார்த்தன. பார்த்தபடியே நின்றன. இழுத்தோம், தள்ளினோம், வெல்லம் காட்டினோம். சோழகம் மெதுவாகக் கால்களை மடித்து வழியிலேயே படுத்துவிட்டது. பின்னால் சுமைக் கழுதைகள் வரிசையாக வந்து நின்றன. அவை எங்கள் குதிரைகளைத் தாண்டி மேலே ஏறிப் போனதைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன், குதிரைகள் வெட்கப்படவில்லை.

"ஏப்பா கொழும்பு," என்றார் முதலாளி. அவர் கோபமாக இருக்கும்போது மெதுவாகத்தான் பேசுவார். "நான் குதிரை வாங்குனேனா, நாலு வாயை வாங்குனேனா?"

"முதலாளி, இதுகள் மலை கண்டதில்லை. கொஞ்சம் ஆறுதலா..."

"எனக்கு எதுக்குப்பா ஆறுதல்? எழவா விழுந்துருச்சு?"

நாம் மெதுவாக என்பதற்கு ஆறுதலாக என்கிறோம். அந்தச் சொல்லையும் அன்றோடு விட்டேன்.

3

பிறகு சில வருசம் ரயில் நிலையத்துக்கும் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கிக்கும் நடுவே சின்ன வண்டியில் சாமான் இழுத்து அவை தங்கள் வயிற்றைக் கழுவின. போன வருசம் முதலாளி லாரி வாங்கினார். ஒரே நாளில் நாலு குதிரைக்கும் எனக்கும் வேலையில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருக்கும் ஒருவர் வந்து குதிரைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் காளவாசலில் கல் சுமக்கும் மிருகங்களை நான் சந்தையில் கண்டிருக்கிறேன். முதுகில் மயிர் இருக்காது. கண் எப்போதும் சிவந்திருக்கும். அன்றிரவு பூரணம், "அதுகளை அங்கை அனுப்பிப் போட்டு நாங்கள் ஆருக்கு முகத்தைக் காட்டுறது?" என்றாள். 

குதிரைகளைக் காப்பாற்றியது ஓர் ஊமைப் படம். ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு ஒரு பயாஸ்கோப் கம்பெனி படம் காட்டியது. படத்தில் ஆட்கள் வாயசைப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகரக் குழாயை வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். முதலாளி முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"இதோ வருகிறான் அமெரிக்கா தேசத்து மாட்டுக்காரன்!" என்று குழாய்க்காரர் கத்தினார்.

பெரிய தொப்பி வைத்த ஒருவன் குதிரையில் பறந்து வந்தான். வட்டமாக ஓடினான். பாய்ந்து வந்த வேகத்தில் குதிரை பின்னங்காலை மடக்கிச் சறுக்கி நின்றது. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழன்றது. பிறகு பின்பக்கமாகவே நேர்கோட்டில் நடந்தது. அவன் ஒரு கையில் கடிவாளத்தைத் தளரப் பிடித்திருந்தான்; மற்றக் கை தொப்பியில். ஒன்றுமே செய்யாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

முதலாளி என் தோளைப் பிடித்தார். "மாட்டுக்காரனே இம்புட்டுச் செய்யிறான். தையில மூத்தவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புல நம்ம குதிரை இந்த மாதிரி ஓடியாந்து, சறுக்கி நின்னு, சுத்தி, பின்னாலயே நடந்து மாப்பிள்ளைக்கு வழி விடணும். செஞ்சுச்சுன்னா நாலும் இங்கனயே கெடக்கட்டும். இல்லைன்னா காளவாசக்காரரு வந்து பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்."

"ஓம் முதலாளி," என்றேன். செய்ய முடியும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இவர்கள் "ஆமா" என்கிற இடத்தில் நமக்கு வருகிற அந்த ஓமைத் தவிர வேறு சொல் வரவில்லை.

4

படம் ஊரை விட்டுப் போகும் வரை தினமும் போய் அந்த மாட்டுக்காரனின் கையையே பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்தால் குதிரை திரும்பும், அது எனக்கும் தெரியும். ஒரு கையால், அதுவும் தளர்ந்த கடிவாளத்தால், எப்படி? வீட்டுக்கு வந்து அகப்பைக் காம்பைக் குதிரைக் கழுத்தாக வைத்துக் கயிறு கட்டிப் பார்த்தேன். அகப்பையைக் காணாமல் பூரணம் தேடியது வேறு கதை. கடைசியில் விளங்கியது. அவன் இழுக்கவில்லை, தொட்டான். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடப்பக்க வார் கழுத்தில் படும். குதிரை அந்தத் தொடுகையிலிருந்து விலகிப் போகும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது சுகம். கொட்டகுடி ஆறு வற்றிக் கிடந்த மணலில் நான் சோழகத்தோடு பட்ட பாட்டை யாரும் படக்கூடாது. வாரைக் கழுத்தில் தொட்டால் ஈ என்று நினைத்து என் கையைக் கடிக்க வந்தது. பின்னால் நடக்கப் பழக்குவதற்கு இரண்டு கள்ளி வேலிகளுக்கு நடுவே ஒரு குறுகிய சந்துக்குள் கொண்டுபோய் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். திரும்ப இடமில்லை, பின்னால் போவதைத் தவிர வழியில்லை என்று கணக்குப் போட்டேன். சோழகம் வேறு கணக்குப் போட்டு என் மேல் ஏறி முன்னால் போனது. ஒரு வாரம் முதுகில் கள்ளி முள்ளோடு திரிந்தேன். அதற்குப் பிறகுதான் அது பின்னால் நடக்கவும், வார் தொட்டால் நின்ற இடத்தில் சுற்றவும் பழகியது.

சறுக்கி நிற்க வைத்ததுதான் பெரும்பாடு. கடைசியில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் மண்சுவர் உதவியது. கீழே கெட்டித் தரை, மேலே பொடி மணல். சுவரைப் பார்த்து ஓட விட்டால், இடிக்காமலிருக்கக் குதிரை தானாகவே பின்னங்காலில் உட்கார்ந்து நிற்கும். நிற்கிற அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோசத்தில் "ஓம்! ஓம்!" என்று வாய்விட்டு வந்துவிடும். உடனே ஒரு துண்டு வெல்லம். கொஞ்ச நாளில் சுவர் இல்லாத இடத்திலும், "ஓம்" என்று சொன்னால் சோழகம் சறுக்கி நின்று வெல்லத்துக்குத் தலையைத் திருப்பியது. பக்கத்தில் கட்டிக் கிடந்த வாடையும் கொண்டலும் பார்த்துப் பார்த்து, தாங்களும் அந்தச் சொல்லுக்கு வெல்லம் உண்டு என்று தெரிந்துகொண்டன. கச்சானுக்கு வயது போய்விட்டது. அதற்கு எந்தச் சொல்லும் வேண்டியதில்லை, வெல்லம் மட்டும் போதும்.

ஆனால் ஏறி ஓட்டுவது யார்? நான் ஏறினால் சோழகத்தின் முதுகு வளைகிறது. ஊரில் கேட்டுப் பார்த்தேன். கீழே விழுந்தால் சிரிப்பார்கள் என்று ஒருவரும் பிள்ளையைத் தரவில்லை. ஒருநாள் நான் புல் வெட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆற்று மணலில் சோழகம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பெரிய வட்டம் வேகமாக, சின்ன வட்டம் மெதுவாக, அந்தப் படத்தில் கண்டது போலவே. மேலே, பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தங்கம்.

"ஏலே சோழகம், பைய... பைய... இப்ப வெரசா!"

நான் புல்கட்டோடு நின்றேன். கோபப்பட வேண்டிய இடம். எனக்கோ வாயெல்லாம் பல்.

"தங்கம், அதுக்கு ஆறுதலா, கெதியா எண்டு சொல்லித்தான் நான் பழக்கினது," என்றேன்.

"அதுக்குக் கெதியான்னா தெரியலப்பா. வெரசான்னா தெரியுது. அதுவும் இந்த ஊர்த் தண்ணியத்தானே குடிக்கிது?"

சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். "கெதியா" என்றால் சோழகம் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல நின்றது. நம்முடைய பாஷையில் அதற்கு மிஞ்சியிருந்தது "ஓம்" ஒன்றுதான். மகளுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.

பூரணத்திடம் சொல்லப் பயமாக இருந்தது. சொல்லாமலிருக்க அதைவிடப் பயமாக இருந்தது. சொன்னேன்.

"பெட்டைப்பிள்ளை குதிரை ஓடுறதோ? அதுவும் கலியாணத் தெருவிலயோ? ஊரில அண்ணர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அடுத்த வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஏன் தாயி, புள்ளையப் போயிப் பெட்டைங்கிறீக? பெட்டைன்னா நாயி, கழுதையில்ல?" என்றாள். அதனால் சண்டை இரண்டாகப் பிரிந்தது. பூரணம் பாதிக் கோபத்தை அந்தப் பக்கம் செலவழித்ததில் எனக்கு வந்த பங்கு குறைந்தது. கடைசியில், "என்னெண்டாலும் செய்யுங்கோ. நான் அந்தக் கலியாணத்துக்கு வரமாட்டன்," என்று முடித்தாள்.

5

மாப்பிள்ளை சின்னமனூர்க்காரர். பெரிய கொடிக்கால் குடும்பம். மாப்பிள்ளை அழைப்புப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாயங்காலம் புறப்பட்டு, பஜார் வழியாகப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். முதலாளி தெரு முழுக்க ஆற்று மணல் கொட்டிப் பரப்பியிருந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள். வாடையும் கொண்டலும் பூட்டிய சின்ன வண்டியில், தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை. கூட்டத்தின் ஓரத்தில் ஆண்டிபட்டிக் காளவாசல்காரரும் நின்றார். கையில் நாலு புதுக் கயிறு வைத்திருந்தார். அவருக்கு என் மேல் ஒரு பகையும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தக் கயிறுகளைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஏற்பாடு இதுதான். தங்கம் தெருக்கோடியிலிருந்து சோழகத்தைப் பாய்ச்சலில் விட்டு வருவாள். கோயில் வாசலுக்கு நேரே வரும்போது நான் "ஓம்" என்பேன். சறுக்கல், சுழற்சி, பின்நடை, முடிந்தது.

நாதசுரம் நின்றது. தெருக்கோடியில் தங்கத்தின் சிவப்புப் பாவாடை தெரிந்தது. "வெரசா!" என்ற குரல் கேட்டது. அந்தச் சின்னக் கால்கள் மணலை வாரியிறைத்துக்கொண்டு வந்த வேகத்தில் கூட்டம் தானாக விலகியது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. குதிரையும் பிள்ளையும் நேரே வண்டியை நோக்கி வருகின்றன. என் கால் இரண்டும் மணலில் முளைத்துவிட்டன.

அந்த நேரத்தில் கோயில் வாசலில் பூரணகும்பத்தோடு நின்ற ஐயர், நல்ல நேரம் தவறப் போகிறதே என்று மந்திரத்தைத் தொடங்கினார்.

"ஓம்..."

சோழகம் பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே மடக்கிச் சறுக்கியது. மணல் இரண்டு பக்கமும் அலை மாதிரி எழும்பியது. சரியாக மாப்பிள்ளைக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், நின்றது. தங்கம் அசையவில்லை. பஜாரே கத்தியது. முதலாளி மேல்துண்டை மேலே வீசினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வந்து அதிக நேரம் இருக்கவில்லை. ஐயர் சொன்னது ஒரு நாமத்தை. இன்னும் நூற்றேழு பாக்கி. கும்பத்தை ஏந்திக்கொண்டு அவர் ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாமமும் "ஓம்" என்றுதான் தொடங்கியது.

வண்டி இரண்டடி நகரும். "ஓம்." வாடையும் கொண்டலும் நச்சென்று நின்று வெல்லத்துக்குத் தலையைத் திருப்பும். மாப்பிள்ளை முன்னால் விழுந்து எழும்புவார். மறுபடி இரண்டடி. "ஓம்." தலைப்பாகை கண்ணுக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது தடவை அது கழன்று கொண்டலின் முதுகில் விழுந்தது. சின்னமனூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் ஐயரிடம் ஓடினேன். "சாமி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

"நடுவில நிறுத்தப்படாது. அபசகுனம்," என்றார் அவர், அடுத்த ஓமுக்கு மூச்சு இழுத்தபடி.

முதலாளி என் கையைப் பிடித்தார். மிக மெதுவாகப் பேசினார். "ஏப்பா கொழும்பு. இது உன் வேலையா?"

"ஓம் முதலாளி," என்றேன். மூன்று குதிரைகளும் மறுபடியும் நின்றன.

காளவாசல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். அதைத் தங்கமும் பார்த்துவிட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு யோசனையும் கேட்கவில்லை. அடுத்த "ஓம்" வந்ததும், சோழகம் நின்ற அதே இடத்தில், இடப்பக்க வாரை மெல்லக் கழுத்தில் தொட்டாள். சோழகம் உள்பக்கப் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கும்பத்துக்கு நேரே முகம் வைத்து நின்றது. அடுத்த "ஓம்." இன்னொரு சுற்று. அடுத்தது. இன்னொன்று.

கூட்டத்தில் ஒரு கிழவர்தான் முதலில் சொன்னார். "யாத்தே... குதிரை சாமியச் சுத்துதப்பா!"

அவ்வளவுதான். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு பிரதட்சிணம்! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி விழுந்து சோழகத்தின் குளம்பைத் தொட்டுக் கும்பிட்டாள். வண்டி நின்றால் இப்போது யாருக்கும் கோபமில்லை; நிற்கத்தானே வேண்டும், சாமி காரியம். மாப்பிள்ளையே தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். அவருடைய மாமன் முதலாளியிடம், "இம்மாதிரிப் பக்தியுள்ள குதிரைய எங்க பிடிச்சீக?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. முதலாளி நிமிர்ந்து நின்று, "கடலுக்கு அங்கிட்டு," என்றார். அதற்கு வெல்லம்தான் வேணும் என்று தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருத்தன். நானும் கும்பிட்டேன். ஆனால் பிள்ளையாரை.

தெருவோ குறுகல். குளம்பைத் தொடுவதற்காக ஜனங்கள் நெருக்கி வந்ததில் சோழகத்துக்கு மூச்சுவிட இடமில்லை. அது காதைப் பின்னுக்கு மடக்கியது; தங்கத்தின் முகத்தில் முதல் முறையாகப் பயம் தெரிந்தது. நான் உள்ளே போக முடியாமல் தவித்தபோது, வளையல் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் தெருவையே பிளந்தது.

"ஏலே! வழிய விடுங்கலே! எம்மக வர்றா!"

கூட்டம் பிளந்தது. முழங்கையால் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவள், அந்தக் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்ன பூரணம். பெண் வீட்டு வாசல் வரைக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள். அந்த வார்த்தைகளைத் தான் சொன்னதாக அவள் இன்றுவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அப்பிடிக் கதைக்கவே தெரியாது," என்கிறாள்.

6

காளவாசல்காரர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு கடைசி ரயிலில் போய்விட்டார். போவதற்கு முன் சோழகத்தின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் லாயத்துக்குத் திருநீறு கேட்டு ஆட்கள் வருகிறார்கள். தேவதானப்பட்டியிலிருந்து ஒருவர் தன் காளை மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்து, இதற்கும் கொஞ்சம் பக்தி சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். நானோ லாயத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து ஓம் சொல்ல முடியாதவனாகிவிட்டேன். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறேன். ஊமை என்று சில புதியவர்கள் நினைக்கிறார்கள்.

கலியாணம் முடிந்து சில நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில், முதலாளி தனியாக ஆற்றுக்கு வந்தார். கூட ஆட்கள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கக்கத்தில் துண்டால் மூடிய ஏதோ ஒன்று. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டை விலக்கினார். மதுரையிலிருந்து வாங்கிவந்த, அகலமான விளிம்பு வைத்த தொப்பி.

"சிரிச்சே, கொன்னுருவேன்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சோழகத்தின் பக்கத்தில் நின்றார். நின்றபடியே தன் நெட்டைக் கால்களில் ஒன்றைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். இரண்டு பாதமும் மணலில் ஊன்றியிருந்தன. குதிரை அவரைச் சுமக்கவில்லை. அவர்தான் குதிரையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு கையில் தளர்ந்த கடிவாளம், மற்றக் கை தொப்பியில்.

"ஓடுதாப்பா?"

"ஓடுது முதலாளி."

இன்னும் கொஞ்சத் தூரம் போனார்கள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார், அதாவது ஒரு காலை எடுத்தார். முகம் முழுக்க வேர்வையும் சிரிப்பும். சோழகத்தின் பிடரியைத் தடவியபடி, "உங்க ஊர்ல இதுகள ஆரு பழக்குவா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. தம்பாட்டில திரியும்."

"சும்மாவா?"

"சும்மா."

அவர் பிடரியிலிருந்து கையை எடுத்தார். "இன்னைக்கு ஒரு நாளு அவுத்து விடு."

ஆறு வருசமாக நான் இந்தக் குதிரைகளைக் கயிறில்லாமல் விட்டதில்லை. விட்டால் எங்கே போகும், போனால் திரும்புமா என்று எனக்கே தெரியாது. வாரின் கொக்கியைக் கழற்றினேன். கடிவாளத்தைத் தலைக்கு மேலால் எடுத்தேன். சோழகம் ஒரு முறை தலையை உதறியது. நடந்தது. பிறகு ஓடியது. ஆற்று வளைவு வரை, ஒரு புள்ளியாகிற வரை ஓடியது.

"போயிருமோ?" என்றார் முதலாளி.

நான் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

வளைவில் அது பின்னங்காலில் சுழன்று திரும்பியது. எங்களை நோக்கி, தங்கம் ஏறியிருந்த நாளில்கூட நான் காணாத வேகத்தில், வயிறு மணலில் தட்டுவது போலப் பாய்ந்து வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் அது தானாகவே பின்னங்காலில் உட்கார்ந்து சறுக்கியது. மணல் இரண்டு பேர் மேலும் கொட்டியது. இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. இரண்டு உதை காற்றில். வெல்லத்துக்குத் தலையைத் திருப்பவில்லை. மறுபடியும் வளைவை நோக்கி ஓடியது.

"இப்ப ஆருப்பா சொன்னா அதுக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை முதலாளி."

அவர் மணலில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார்; நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறத் தொடங்கியது. அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே நிறைந்திருந்த மணலைத் தட்டிவிட்டு, என் தலையில் வைத்தார்.

அது எனக்குப் பெரிது. மூக்கு வரை இறங்கியது. ஒரு கையால் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சோழகம் திரும்பி வருவதைப் பார்த்தேன்.